பின்கதவு மூட மாட்டேங்குது

டயர் கடைக்குப் பின்னாடி ஒரு சந்து போகும். அந்தச் சந்து முடியற இடத்துல தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டு. ஒயரிங்காரர் ஷெட்டுன்னா அந்த வட்டாரத்துல தெரியாதவங்க இல்ல. கார்ல லைட் எரியலையா, ஹாரன் தானா கத்துதா, கண்ணாடி பாதியில நின்னு போச்சா, எல்லாரும் அங்கதான் கொண்டு போய் நிறுத்துவாங்க. பட்டப்பகல்லயும் ஷெட்டுக்குள்ள ஒரு மங்கல். கருகுன ஒயர் வாசனை, பழைய பேட்டரியோட புளிச்ச நெடி. மழை பெஞ்சா போச்சு, தகரத்து மேல கொட்டுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசறதே காதுல விழாது.

அன்னைக்கும் மழை மூட்டம்தான். காலையிலயே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கிட்டு கிடந்துச்சு. கர்ட்டன் அக்கா தன்னோட பழைய காரை ரிவர்ஸ்ல மெதுவா ஷெட்டுக்குள்ள விட்டா.

கர்ட்டன் அக்கான்னு ஊர் வச்ச பேரு. ஜன்னலுக்கு அளவெடுத்து, திரை தைச்சு, மாட்டிக் கொடுத்துட்டு வர்றது அவ தொழில். அவ காரும் சாதாரணக் கார் இல்லைங்க. பின்சீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆள் காலை மடக்கிப் படுக்கற அளவுக்கு இடம் விட்டு, கூரையை அப்படியே நீட்டிக் கட்டியிருப்பாங்களே, ஸ்டேஷன் வேகன்னு, அந்த ரகம். இப்பல்லாம் ரோட்டுல பார்க்கவே முடியாது. கண்ணாடியோட சேர்ந்து ஒரே பெரிய பின்கதவு. மேல தூக்கித் திறக்கணும். துணி ரோல் ஏத்தறதுக்கு அதை விட்டா வேற வண்டி கிடையாதுன்னு அவ வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கினது.

அவர் போய்ச் சேர்ந்துட்டாரு. வண்டி இருக்கு. வண்டியோட முன்சீட்டுல அவரைப் பெத்த மகராசி இருக்கா.

"வந்தாச்சா? இல்ல இன்னும் நாலு சந்து சுத்தணுமா?"

"வந்தாச்சு அத்தே."

"என் இடுப்பு எப்பவோ வந்துடுச்சு. நான்தான் இப்ப வர்றேன்."

மாமியாருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ். காலும் தள்ளாட்டம், அதனால சக்கர நாற்காலி. அந்த நாற்காலியை மடிச்சு, கதவைத் தூக்கி, உள்ள வச்சு, பட்டையைப் போட்டுக் கட்டி, கதவை இழுத்து மூடி, அப்புறம் ஆஸ்பத்திரியில திரும்ப அதே கூத்து. இதுல கர்ட்டன் அக்காவுக்கு வலது தோள்பட்டை இறுகிப் போச்சு. கையைக் காதுக்கு மேல தூக்க முடியாது. தலை வாரறதுக்கே சீப்பைத் தேடித் தலையைக் கொண்டு போகணும். நாத்தனாக்காரி போன்ல ஒரே வார்த்தைதான் சொன்னா. "அண்ணி, முடியலைன்னா சொல்லிடுங்க. அம்மாவை ஒரு ஹோம்ல சேர்த்துடலாம்." ஸ்பீக்கர்ல போட்டிருந்ததை மறந்துட்டா அக்கா. அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கிட்டிருந்த மாமியார் கத்தியைக் கீழ வச்சுட்டா. அன்னைக்கு ராத்திரி அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லாம சாப்பிட்டுட்டுப் படுத்துது. கர்ட்டன் அக்காவுக்கு அதுதான் தாங்கல.

அதனாலதான் இந்த ஏற்பாடு. பட்டனை அமுக்கினா தானா திறந்து, தானா மூடற மாதிரி பழைய வண்டியோட பின்கதவுக்கு மோட்டார் போடறது.

"போடலாம் அக்கா," ஒயரிங்காரர் மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு கதவைச் சுத்திச் சுத்தி வந்தாரு. "இந்த வண்டிக்குன்னு யாரும் செட்டு செய்யல. வேற மாடலுக்கு வந்தது. பிராக்கெட்டை நான் அறுத்து வளைச்சுப் போட்டுக்கிறேன்."

"நாளைக்கு ஆஸ்பத்திரி போகணும் அண்ணே. இன்னைக்கே முடியுமா?"

அவருக்கு இவ அக்கா, இவளுக்கு அவர் அண்ணன். யாரு மூத்தவங்கன்னு ரெண்டு பேரும் கேட்டுக்கவே இல்ல.

"இது என்ன?" அவர் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பியைத் தட்டிக் காட்டினாரு. திரை மாட்டற கம்பியில வெட்டின ஒரு துண்டு.

"கதவைத் தாங்கற ராடு ரெண்டும் செத்துப் போச்சு அண்ணே. தூக்கினா நிக்காது, பொத்துனு விழும். அதான் முட்டு."

"எத்தனை நாளா?"

"அவர் போனதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி அவரே தோளைக் கொடுத்து நின்னுடுவாரு."

நிஜம்தான். ராடை மாத்தணும், மாத்தணும்னு வருஷக்கணக்கா பேச்சு. "நான் இருக்கேன்ல, எனக்கு மேல என்னடி ராடு"ன்னு அந்த மனுஷன் கதவு விளிம்பைத் தோள்ல வாங்கிக்கிட்டு நிப்பாரு. இவ உள்ள முட்டி போட்டு ரோல் ரோலா இழுப்பா. அவர் தோள் தேய்ஞ்சு தேய்ஞ்சு விளிம்புல ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட்டே போயிடுச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தோள்ல தைலத்தைத் தேச்சுக்குவாரு. வீடு பூரா அந்த நெடிதான்.

ஒயரிங்காரர் வேலையில இறங்கினாரு. உள்பக்கத் தட்டைக் கழட்டி, செத்த ராடுகளைப் பிடுங்கி எறிஞ்சு, உள்ளயே மோட்டார் வச்ச புது ராடை ரெண்டு பக்கமும் மாட்டி, கூரையிலேருந்து கதவுக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள ஒயரைக் கோத்து, பூட்டை மாத்தி, பக்கத்துப் பொந்துல ஒரு கன்ட்ரோல் பாக்ஸைத் திணிச்சு, ஒரு வழியாக்கினாரு. கதவுல ஒரு பட்டன், டிரைவர் சீட்டுக்கிட்ட ஒரு பட்டன், சாவியோட ஒரு ரிமோட். மாமியார் நாற்காலியில உக்காந்தபடியே மேற்பார்வை.

"ஏம்பா, அது தானா எந்திரிச்சு தானா உக்காருமா?"

"ஆமாம்மா."

"அப்படின்னா எனக்கும் ரெண்டு பக்கமும் அதையே மாட்டி விட்டுடு. இவளுக்கு வேலை மிச்சம்."

ஒயரிங்காரர் சிரிச்சுக்கிட்டே பட்டனை அமுக்கினாரு.

பீப். பீப். பீப்.

கதவு மெத்துனு மேல ஏறிச்சு. அவ்வளவு பெரிய கதவு, பஞ்சு மாதிரி. மாமியார் கையைத் தட்டிட்டா. கர்ட்டன் அக்காவுக்கு எத்தனையோ மாசம் கழிச்சு மூச்சு நெஞ்சுக்குள்ள முழுசா போன மாதிரி இருந்துச்சு.

"இப்ப மூடறேன் பாருங்க."

பீப். பீப். பீப்.

கதவு இறங்கிச்சு. பாதிக்குக் கொஞ்சம் மேலேயே நின்னுச்சு. ஒரு நொடி அப்படியே தொங்கிச்சு. அப்புறம் திரும்ப மேல போயிடுச்சு.

"ஒண்ணுமில்ல. முதல் தடவை அப்படித்தான்." திரும்ப அமுக்கினாரு.

இறங்கிச்சு. அதே இடத்துல நின்னுச்சு. மேல போச்சு.

"கதவுக்கு நடுவுல கை, காலு ஏதாச்சும் மாட்டினா மோட்டாருக்கு முட்டும் அக்கா. முட்டினா பாக்ஸ் கண்டுபிடிச்சு கதவைத் தூக்கிடும். பாதுகாப்புக்கு."

"நடுவுல ஒண்ணும் இல்லையே அண்ணே?"

"இல்ல."

அவர் குனிஞ்சு பார்த்தாரு. கையை விட்டுத் துழாவினாரு.

"ஆனா இருக்குன்னு சொல்லுது."

ஒயரை இழுத்துப் பார்த்தாரு. பிராக்கெட்டைக் கழட்டி மாட்டினாரு. மோட்டாரைத் துண்டிச்சுட்டுக் கையால மூடினா கதவு ஒழுங்கா மூடுது. மோட்டாரை இணைச்சா நிக்குது. வெளிய மழை பிடிச்சுக்கிச்சு. தகரத்துல சோன்னு ஒரே சத்தம். கர்ட்டன் அக்கா டீ வாங்கலாம்னு புடவைத் தலைப்பைத் தலையில போட்டுக்கிட்டுச் சந்து முனைக்குப் போனா. திரும்பி வர்றப்ப கதவு மூடியிருந்துச்சு.

"சரியாப் போச்சு அக்கா! நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி மூடுது." திறந்தாரு. இவ டீயோட பக்கத்துல வந்து நின்னா. மூடற பட்டனை அமுக்கினாரு.

பாதிக்கு மேல நின்னுச்சு. மேல போச்சு.

ஒயரிங்காரர் டீயை வாங்கிக் குடிச்சாரு. இவளைப் பார்த்தாரு. கதவைப் பார்த்தாரு. "அக்கா, நீங்க கொஞ்சம் வாசல் பக்கம் போங்க."

போனா. மூடிச்சு.

"இப்ப வாங்க."

வந்தா. மூடல.

"உங்க போனை அந்த மேஜை மேல வைங்க. வளையலையும் கழட்டுங்க. எதுவோ சிக்னலைக் கெடுக்குது."

வளையலைக் கழட்டினா. தாலிச் செயின் எப்பவோ கழட்டியாச்சு, கழட்ட வேற ஒண்ணுமில்ல. பக்கத்துல வந்து நின்னா. கதவு இறங்கிச்சு, நின்னுச்சு. இந்தத் தடவை அவ விளிம்பைப் பார்த்தா. பெயின்ட் தேய்ஞ்ச அந்த ஒரு சாண் இடம். அது எந்த உயரத்துல நிக்குதுன்னு பார்த்தா.

அந்த உயரம் அவளுக்குத் தெரியும். கூட்டத்துல எட்டிப் பார்க்கறப்ப அவ மோவாயை வச்சுக்கிற அவர் தோளோட உயரம்.

"தைல வாசனை வருதுடி," மாமியார் சொன்னா. அந்த அம்மா குரல்ல கிண்டலே இல்ல.

"நீங்க தேச்சிருப்பீங்க அத்தே."

"எனக்கு அந்த நெடியே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

மழை ஒரே சீரா கொட்டிச்சு.

அன்னைக்கும் இப்படித்தான் மழை. ஒரு ஹோட்டலோட பின்வாசல்ல வண்டி நின்னுச்சு. ஒரு ரோல் சீட்டுக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. இவ உள்ள முட்டி போட்டு இழுக்கறா, அவர் வெளிய நனைஞ்சுக்கிட்டே கதவைப் பிடிச்சிருக்காரு. "விட்டுடாதீங்க, என் தலை உள்ள இருக்கு"ன்னா. "ம்"ன்னாரு. ரோல் வரல. "இருங்க, இன்னும் கொஞ்சம், விட்டுடாதீங்க." "ம்." அவ வெளிய வந்து ரெண்டு காலையும் தரையில வச்சு நிமிர்ந்தப்பதான் அவர் முகத்தைப் பார்த்தா. சாம்பல் பூத்துப் போயிருந்துச்சு. அவ கால் தரையில பட்டதைப் பார்த்துட்டு அவர் கையை இறக்கினாரு. அப்புறம் அவர் விழுந்தாரு. அவருக்கு அப்புறம் கதவு விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, நெஞ்சு வலி வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கே, எப்படி நின்னுக்கிட்டிருந்தாருன்னு.

"அக்கா?" ஒயரிங்காரர் கூப்பிட்டாரு. "ஒரு வழி இருக்கு. முட்டினா நிக்கிற அந்த அளவை பாக்ஸ்ல கடைசி வரைக்கும் ஏத்தி விட்டுடறேன். அப்புறம் நடுவுல எது இருந்தாலும் அமுக்கிக்கிட்டு மூடிடும். எனக்கு மனசில்ல. ஆனா நாளைக்கு வண்டி வேணும்னு சொல்றீங்க."

"வேணாம்டி," மாமியார் மெதுவா சொன்னா.

கர்ட்டன் அக்கா அந்த அம்மாவைப் பார்த்தா. வீங்கின காலு. ஊசி குத்திக் குத்திக் கறுத்த கை. நாளைக்கு டயாலிசிஸை விட்டா மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். கதவைத் தூக்கற தெம்பு இவ தோள்ல இனி ஒரு நாளைக்கும் இல்ல. அப்புறம் நாத்தனா போன் பண்ணுவா. அந்த அம்மா கத்தியைக் கீழ வைக்கும். அழறதுக்குக்கூட ஒரு தெம்பு வேணுமேங்க, அதுவும் இல்ல.

"ஏத்திடுங்க அண்ணே."

ஏத்தினாரு. பட்டனை அமுக்கினாரு.

கதவு இறங்கிச்சு. அந்த இடத்துல நின்னுச்சு. மோட்டார் உறுமிச்சு. ராடு நடுங்கிச்சு.

அமுக்கிச்சு.

கதவு கொஞ்சம் கொஞ்சமா, கொஞ்சம் கொஞ்சமா கீழ வந்துச்சு. பூட்டு விழற நேரத்துல ஒரு சத்தம். பாரம் சுமக்கிறவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு விடற மூச்சு மாதிரி.

"காத்து," ஒயரிங்காரர் சொன்னாரு. சொல்லிட்டு அவரே ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. "மூடறப்ப கையை மட்டும் வச்சிடாதீங்க அக்கா. அதுக்கு இப்ப கண்ணு கிடையாது."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கதவு ஒழுங்காத் திறந்துச்சு, ஒழுங்கா மூடிச்சு. ஒவ்வொரு தடவையும் அந்த உறுமல், அந்த நடுக்கம், அந்த மூச்சு. கர்ட்டன் அக்கா காதுல வாங்காத மாதிரி நின்னா. பழகிடும்னு நினைச்சுக்கிட்டா. எதுதான் பழகல?

டயாலிசிஸ் முடிஞ்சப்ப மதியம். ஆஸ்பத்திரியோட பார்க்கிங் தரைக்குக் கீழ. வெளிய சுள்ளுனு வெயில் அடிச்சாலும் அங்க இருட்டுதான். ஒரு லைட் எரிஞ்சா ரெண்டு லைட் கண்ணு சிமிட்டும். கான்கிரீட் வாசனை, புகை வாசனை, எங்கேயோ ஒரு குழாய் சொட்டற சத்தம். மாமியாரை முன்சீட்டுல உக்கார வச்சு பெல்ட்டைப் போட்டா. மிஷினை விட்டு வந்தா அந்த அம்மா துவண்டு போயிடும். கண்ணை மூடிக்கிச்சு.

கதவைத் திறந்தா. நாற்காலியோட முதுகை மடக்கினா, ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டி மடிச்சா, இடது கையால உள்ள தள்ளினா. கட்டற பட்டையோட முனை வழுக்கி பின்சீட்டுக்கு அடியில போய் விழுந்துடுச்சு.

"உனக்கு என்ன கேடு"ன்னு பட்டையைத் திட்டிக்கிட்டே உள்ள முட்டி போட்டு ஏறினா. குனிஞ்சு கையை விட்டுத் துழாவினா.

ரெண்டு கையும் வேணும்னு சாவியை இடுப்புல செருகியிருந்தா. புடவை கட்டறவங்க எல்லாரும் பண்றதுதான். குனிஞ்சதுல ரிமோட் மடிப்புக்குள்ள அமுங்கிச்சு.

பீப். பீப். பீப்.

வேற ஏதோ வண்டின்னு நினைச்சா.

உள்ள வெளிச்சம் குறைஞ்சுது.

முதுகுல ஏதோ பட்டுச்சு. ஜில்லுனு. தகரம்.

திரும்பப் பார்த்தா. திரும்ப முடியல. வலது தோள் சீட்டுக்கும் நாற்காலிக்கும் நடுவுல சிக்கிக்கிச்சு. கதவோட விளிம்பு நடு முதுகுல உக்காந்து அமுக்கிச்சு. மோட்டார் உறுமிச்சு.

"அத்தே!" குரல் வெளிய வரல. மூச்சுதான் வந்துச்சு, அதுவும் பாதி.

விலா எலும்பு ஒண்ணு நெறிஞ்சுது.

கண்ணு இருட்டிச்சு. இவ்வளவுதானான்னு தோணிச்சு. பயத்தை விட அசதிதான் முதல்ல வந்துச்சு. சரி, இவ்வளவுதான்னா இவ்வளவுதான். அப்புறம்தான் முன்சீட்டு ஞாபகம் வந்துச்சு. அந்த அம்மாவால பெல்ட்டைக்கூடத் தானா கழட்ட முடியாது.

அமுக்கல் நின்னுச்சு.

மோட்டார் நிக்கல. உறுமிக்கிட்டே இருந்துச்சு. ஆனா விளிம்பு அவ முதுகை விட்டு எழும்பிச்சு. ஒரு விரக்கடை. அப்புறம் ஒரு சாண்.

கழுத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சு. இன்னொண்ணு. நனைஞ்ச சட்டைக் கையிலேருந்து சொட்டற மாதிரி.

தைல வாசனை.

அவ முதுகுக்கு மேல யாரோ மூச்சு வாங்கினாங்க. இழுத்து இழுத்து.

"விட்டுடாதீங்க," அவளை அறியாம வாயிலேருந்து வந்துடுச்சு.

"ம்."

தோளைப் பிடுங்கினா. வலியில கண்ணுல பொறி பறந்துச்சு. ஊர்ந்து ஊர்ந்து, ஒரு காலைத் தரையில வச்சு, மறு காலை வச்சு, வெளிய வந்து விழாத குறையா நின்னா.

யாரும் இல்ல.

கதவு அந்தத் தோள் உயரத்துலேயே நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. மோட்டார் கத்திக்கிட்டிருந்துச்சு. சுத்தி எல்லாத் தரையும் காஞ்சு கிடக்க, விளிம்புக்கு நேர் கீழ மட்டும் ஈரம். மேல எதுவும் ஒழுகல. ஆனா அந்த ஈரம் சொட்டுச் சொட்டா பெருசாயிக்கிட்டே போச்சு.

"அவனை விடச் சொல்லுடி." முன்சீட்டுலேருந்து மாமியார். கண்ணு மூடித்தான் இருந்துச்சு. "எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பான். தோள் நோகுமில்ல."

"நான் வெளிய வந்துட்டேங்க," கர்ட்டன் அக்கா காத்தைப் பார்த்து கிசுகிசுத்தா. "பாருங்க. ரெண்டு காலும் தரையில இருக்கு."

கதவு நடுங்கிச்சு. கருகற வாசனை வந்துச்சு.

"அன்னைக்கும் வந்துட்டேன். நல்லாத்தான் இருக்கேன். விட்டுடுங்க."

அசையல.

அவளுக்கு அழுகை வந்துச்சு, கோபமும் வந்துச்சு. எத்தனை வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தியிருக்கா. வேலை முடிஞ்ச பிறகும் கதவைப் பிடிச்சுக்கிட்டு யார்கிட்டயாவது கதை பேசிக்கிட்டு நிப்பாரு. தினமும் அவரைப் பார்த்து அவ சொல்றது ஒண்ணுதான். அதுவே தானா வாயில வந்துச்சு.

"எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? போதும். விட்டுட்டு வந்து உக்காருங்க."

நடுக்கம் நின்னுச்சு.

கதவு மெல்ல இறங்கி, மெத்துனு மூடிக்கிச்சு. மூச்சுச் சத்தம் இல்ல. கிளிக்குனு பூட்டு விழுந்த சத்தம் மட்டும்தான்.

மறுநாள் ஒயரிங்காரர் ராடைக் கழட்டிப் பார்த்தாரு. ரெண்டு ராடும் வெளிப்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. கதவோட அடி விளிம்பைத் தடவினாரு. பெயின்ட் தேய்ஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் கீழேருந்து மேல அமுங்கின பள்ளங்க. தன்னோட விரலை ஒவ்வொண்ணா அதுல வச்சுப் பார்த்தாரு. சரியா உக்காந்துச்சு. சடக்குனு கையை எடுத்துட்டாரு.

"அக்கா, இதை ஒரு ஆளு கையால..."

"புது ராடு போடுங்க அண்ணே. அந்தப் பாதுகாப்பு அளவையும் பழையபடி வச்சிடுங்க."

"வச்சா மூடாதே?"

"மூடும்."

வச்சாரு. இவ பக்கத்துலயே நின்னா. வளையலோட, போனோட, விலாவுல போட்ட கட்டோட. பட்டனை அமுக்கினாரு. ரெண்டு பேரும் அந்தத் தோள் உயரத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. கதவு அங்க நிக்கவே இல்ல. நேரா இறங்கி மூடிச்சு. திரும்பத் திறந்து மூடினாரு. நிக்கல. ஒயரிங்காரர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு.

கர்ட்டன் அக்கா பின்கண்ணாடியில உள்ளங்கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் வீட்டுக்குப் போய் வாசல் கதவை மூடிட்டுப் படுத்தவதான், பொழுது சாயற வரைக்கும் தூங்கினா. மாமியார் எழுப்பல. அதுவே ஒரு அதிசயம்தான்.

அடுத்த டயாலிசிஸ் நாள். நல்ல வெயில். நாற்காலியை மடிச்சு வச்சா, பட்டையைப் போட்டு இழுத்துக் கட்டினா, சாவியைக் கையிலயே வச்சுக்கிட்டா, பட்டனை அமுக்கினா. கதவு சமர்த்தா மூடிச்சு. முன்சீட்டுல மாமியார் பழையபடி ஆரம்பிச்சுட்டா.

"வெயில் மூஞ்சியிலயே அடிக்குதுடி. ஊருக்கெல்லாம் திரை தைக்கிறே, சொந்த வண்டியில ஒண்ணு உண்டா?"

"தைக்கிறேன் அத்தே."

"நான் போனப்புறமா?"

சிரிச்சுட்டா கர்ட்டன் அக்கா. எத்தனை நாள் கழிச்சுச் சிரிச்சான்னு அவளுக்கே தெரியல. சிக்னல்ல வண்டியை நிறுத்தினா.

பின்னாடி டக்குனு ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்கு நல்லாத் தெரியும். தினமும் எத்தனை தடவை கேக்கறா. சக்கர நாற்காலியில உக்காந்தவங்க, உருளாம இருக்கறதுக்கு ஒரு பக்கத்து பிரேக்கைப் போடற சத்தம்.

டக்.

மறுபக்கத்து பிரேக்.

கர்ட்டன் அக்கா மெதுவா கண்ணாடியில பார்த்தா.

பட்டை அவிழ்ந்து கிடந்துச்சு. மடிச்சு வச்ச நாற்காலி விரிஞ்சு நின்னுச்சு. உக்கார்ற துணி நடுவுல கீழ தொய்ஞ்சு போயிருந்துச்சு. நல்ல கனமான ஆளு உக்காந்தா தொய்யுமே, அப்படி. வண்டியோட பின்பக்கம் பெருமூச்சு விட்ட மாதிரி லேசா அமுங்கிச்சு.

வண்டிக்குள்ள தைல வாசனை.

பச்சை விழுந்துடுச்சு. பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் அடிச்சாங்க. அவ கண்ணைக் கண்ணாடியிலேருந்து எடுத்தா. கழுத்து திரும்பல. கியரைப் போட்டா, வண்டி நகர்ந்துச்சு.

மாமியார் திரும்பிப் பார்க்கல. ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் மருமக கை மேல தன்னோட கையை வச்சா.

"மெதுவா ஏத்துடி"ன்னா. "பிள்ளை இப்பதான் உக்காந்திருக்கான்."